ஜீனோவும் எங்கள் தெருவும்

"சுஜாதாவ நாம எதுக்கு அண்ணா வாசிக்கணும்? அவரு எழுதுன எதிர்காலத்துல நாம உண்டா?"

மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு மாணவர் கூடுகையில் கல்லூரித் தம்பி ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி. பாதிப்பேர் கை தட்டினார்கள். மீதிப்பேர் சுஜாதா ரசிகர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் காணாது. அதனால் இந்தப் பதிவு.

முதலில் அவர் எங்களுக்கு எப்படிக் கிடைத்தார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். அருமனையைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். எங்கள் அப்பாமார் விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போவார்கள். அம்மாமார் அண்டி ஆபீசுக்குப் போவார்கள். (வெளி மாவட்டத்துத் தோழர்களுக்கு ஒரு சொல்: அண்டி ஆபீஸ் என்பது ஆபீஸ் இல்லை, முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை.) வீட்டில் அச்சடித்த தாள் என்று இருந்தது பைபிள், ரேஷன் கார்டு, பிறகு கடையில் சாமான் பொதிந்து தந்த பேப்பர். இந்த நிலையில் காசு கொடுத்துக் கதைப்புத்தகம் யார் வாங்குவது? எங்கள் தெருவில் ஒரு அத்தை வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பழைய பேப்பரோடு சேர்த்துத் தூக்கிப்போட வைத்திருந்த ஒரு தைத்த கட்டை அடுப்பெரிக்க ஆகும் என்று கொண்டுவந்தார். அதுதான் 'என் இனிய இயந்திரா'.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. வாரவாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து, நூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஓரத்தில் கரையான் வேலை செய்திருந்தது. நடுவில் சில அத்தியாயங்கள் கிடையாது. கடைசி அத்தியாயமும் இல்லை. நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள், ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்போம். இல்லாத அத்தியாயம் வரும்போது வாசிப்பவர் நிறுத்திவிடுவார். பிறகு ஆளுக்கொரு கதை கட்டுவோம். கடைசி அத்தியாயம் மட்டும் எங்களிடம் ஏழெட்டு விதமாக இருந்தது. ஒன்றில் ஜீனோ களியல் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அசல் முடிவைப் பல ஆண்டுகள் கழித்து நூலகத்தில் வாசித்தபோது, எங்களுடையதே பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அந்த வீட்டுக்கு ரவி வந்து சேர்கிறான், அவனோடு ஜீனோ என்ற எந்திர நாயும். ஜீனோ பேசும், புத்தகம் வாசிக்கும், போகப்போகச் சொந்தமாக யோசிக்கவும் தொடங்கும். கதையின் உண்மையான நாயகன் அதுதான். உத்தரவு போட்டால் செய்வதற்கென்று உண்டாக்கப்பட்ட ஒன்று, தனக்கு உத்தரவு போடுபவரைவிட அறிவாளியாக இருக்கிறது. தெரியாத பாவனையில் கேள்வி கேட்டுக் கேட்டு மேலே வருகிறது. இதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஜீனோ எங்கள் ஆள் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்த விமர்சகரும் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. ஜீவாவின் நாட்டில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். நிலா, சிபி, ரவி, மனோ. ஆளை எண்ணாக்கிவிடும் அரசின் கொடுமையைக் காட்டத்தான் சுஜாதா அதை வைத்தார். பொதுவாசகர்களும் அப்படித்தான் வாசித்தார்கள். நாங்கள் வாசித்ததோ வேறு. விளவங்கோடு தாலுகாவில் ஒருவரின் பெயரைக் கேட்டுவிட்டு யாரும் அதோடு விடமாட்டார்கள். வீட்டுப்பேர் என்ன, அப்பன் பேர் என்ன, எந்த சர்ச், சர்ச்சில் எந்தப் பக்கத்து ஆட்கள், வீடு ரோட்டுக்கு மேலா கீழா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஐந்தாவது கேள்விக்குள் சாதி கைக்கு வந்துவிடும். அப்படியொரு ஊரில் இரண்டெழுத்தோடு நின்றுவிடும் பெயர், அதற்குமேல் ஒருவரும் எதுவும் கேட்காத ஒரு நாடு. சர்வாதிகாரம் என்று மற்றவர்கள் பயந்த இடத்தில் எங்களுக்கு ஒரு நிமிடம் மூச்சு விட முடிந்தது. நகைச்சுவைதான். ஆனால் ஒரே பக்கத்தை இரண்டு தெருக்கள் இரண்டு விதமாக வாசிக்கும் என்பதை எங்களுக்குக் கற்றுத் தந்தது அந்தப் பக்கம்.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். அந்த எதிர்காலத்தில் நாம் இல்லை. சாதியை எதிர்த்து ஒழித்த எதிர்காலம் அல்ல அது. சாதி என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்ட எதிர்காலம். தெருவைக் கூட்டுவது யார், சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவார்கள் என்ற கேள்விகள் கதையின் மையத்துக்கு வருவதே இல்லை. திருவரங்கத்தில் வளர்ந்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த ஒருவரின் கண்ணுக்கு அது படாமல் போனது பெரிய அதிசயமில்லை. அந்தக் கேள்வி அவருடைய வாசலில் வந்து நாறியதில்லை.

அவர் கற்பனை செய்த ஆண்டுகள் வந்துவிட்டன, போயும்விட்டன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. கதையில் எந்திர நாய் தத்துவம் பேசிய அதே காலகட்டம். கையில் ஸ்மார்ட்போன், தொட்டியில் மலம் என்று இரண்டும் ஒரே ஊரில் இருக்கக்கூடிய எதிர்காலத்தைத் தமிழ் அறிவியல் புனைகதை முன்கூட்டிப் பார்க்கவில்லை.

இது வெறும் இலக்கியக் குறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு எந்திரம் செய்யப்படுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் அது வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்க வேண்டும். பேசும் நாய்க்கு ஆசைப்பட்டார்கள், பறக்கும் காருக்கு ஆசைப்பட்டார்கள். மலக்குழியில் மனிதருக்குப் பதிலாக இறங்கும் எந்திரத்துக்கு யார் ஆசைப்பட்டது? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-ல் வந்தது. 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுக்கான தொகை மூன்று மடங்காகும் அளவுக்குக் காலம் ஓடியிருக்கிறது. அருமனையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தில் சில இளம் பொறியாளர்கள் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய 'பாண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்து 2018-ல் இறக்கினார்கள். நிலவைச் சுற்றிவர சந்திரயான் போய்ப் பத்து ஆண்டு கழித்து. அது செய்ய முடியாத கடினமான எந்திரம் என்பதால் தாமதமாகவில்லை. கையும் வாளியும் கேமராவும் உள்ள ஒரு ரோபோ, அவ்வளவுதான். அதைக் கனவு காண வேண்டிய இடத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கனவு தேவைப்படவில்லை.

சுஜாதாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பாபாசாகேப் 1949 நவம்பர் 25-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு மதிப்பு என்று ஆகிவிடும், சமூக வாழ்வில் அது ஆகாது என்ற முரணைச் சுட்டிக்காட்டினார். அந்த முதல் பாதியை எண்ணித் தரும் பெட்டி அது. சுஜாதா எதிர்காலத்துக்காகச் செய்தவற்றில் எங்கள் தெருவுக்கு நேராக வந்து சேர்ந்தது கதையைவிட அந்தப் பெட்டிதான். இரண்டாம் பாதிக்குப் பெட்டி போதாது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக அமர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே.

இந்தக் குருட்டுத்தன்மை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சாமுவேல் டிலேனி என்ற கறுப்பின எழுத்தாளர் தன் 'நோவா' நாவலைப் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை இதழ் ஒன்றுக்குத் தொடராக அனுப்பினார். கதை பிடித்திருக்கிறது, ஆனால் கறுப்பர் ஒருவரை நாயகனாக எங்கள் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அதன் ஆசிரியர் ஜான் கேம்பெல் சொல்லிவிட்டதாக டிலேனி பதிவு செய்திருக்கிறார். அது 1960-களின் கடைசி. வேற்றுக் கிரகத்து ஆறுகால் பிராணி நாயகனாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் போலிருக்கிறது.

ஆனால் ஒக்டேவியா பட்லரைத்தான் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1947-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அப்பா ஷூ பாலிஷ் போடும் வேலை செய்தவர், மகள் சிறியவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர். அந்த வீடுகளில் வேண்டாம் என்று போட்ட புத்தகங்களை மகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். இதை முதன்முதலாக வாசித்த இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு அத்தை. பன்னிரண்டு வயதில் செவ்வாய் கிரகத்துப் பெண்ணைப் பற்றிய ஒரு மட்டமான படத்தை டிவியில் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று உட்கார்ந்தவர் பட்லர். கறுப்பர்கள் எழுத்தாளராக முடியாது என்று சொந்தக்காரப் பெண்மணி ஒருவரே சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய 'பேரபிள் ஆஃப் தி சோவர்' 1993-ல் வந்தது, கதை நடப்பது 2024-ல் தொடங்கி. சுஜாதா கற்பனை செய்த அதே இருபதுகளை பட்லரும் கற்பனை செய்திருக்கிறார். அவருடைய இருபதுகளில் பருவநிலை கெட்டுப்போயிருக்கிறது, தண்ணீர் விலை ஏறியிருக்கிறது, காசுள்ளவர்கள் மதில் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். யாருடைய கணிப்பு சரியாக வந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

1979-ல் வந்த அவருடைய 'கின்ட்ரட்' ஒரு காலப்பயணக் கதை. 1976-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே அவள் அடிமை. கூடவே ஒருமுறை மாட்டிக்கொள்ளும் அவள் வெள்ளைக்காரக் கணவனுக்கு அதே காலத்தில் மரியாதை கிடைக்கிறது. காலப்பயணம் என்ற பழைய வித்தையை இந்த ஒரு கேள்வியால் பட்லர் புரட்டிப்போட்டார். எந்தக் காலத்தில் போய் இறங்கினாலும் பத்திரமாக இருப்பேன் என்று நம்பக்கூடியவருக்குத்தான் காலயந்திரம் விளையாட்டுப் பொருள்.

அருமனையில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அருமனை சந்திப்பில் நிற்கும் ஒரு காலயந்திரத்தில் ஏறி நூறாண்டு, நூற்றைம்பது ஆண்டு பின்னால் போகிறீர்கள். 1855-க்கு முன்னால் இறங்கினால் அடிமை முறை சட்டப்படியே உண்டு, உங்களை நிலத்தோடு சேர்த்து விற்கலாம். 1893-க்கு முன்னால் இறங்கினால் பொதுப்பாதையில் வில்லுவண்டி ஓட்டி அய்யன்காளி இன்னும் வழி திறக்கவில்லை. 1910-களில் இறங்கினால் பக்கத்தில் ஊரூட்டம்பலத்துக்குப் போகலாம், பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிப்போனதற்காக அந்தப் பள்ளியையே கொளுத்தியிருப்பார்கள். எந்த ஆண்டில் இறங்கினாலும் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலப்பயணக் கதை இன்னும் தமிழில் எழுதப்படாமல் கிடக்கிறது. இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. உங்கள் பாட்டியிடம் பேச இரண்டு மாலை நேரம் போதும்.

அருமனை என்றதும் இலக்கிய உலகில் பலரும் சொல்லும் பெயர் ஜெயமோகன். 1962-ல் இங்கே பிறந்தவர். 'விசும்பு' என்ற அறிவியல் புனைகதைத் தொகுப்பும் எழுதியிருக்கிறார். வெளிநாட்டு விண்கலத்தை இரவல் வாங்காமல் இந்த மண்ணின் மருத்துவத்தையும் தத்துவத்தையும் வைத்து அறிவியல் கதை எழுதலாம் என்று அவர் காட்டியது முக்கியமானது. அவரோடு நமக்குள்ள பிணக்குகள் ஒரு கட்டுரையில் அடங்காது, அது கிடக்கட்டும். அவர் நினைவுகூரும் அருமனையும் எங்கள் அருமனையும் ஒரே பஸ் நிறுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு ஊர்கள். இரண்டாவது ஊரின் விண்வெளியை முதல் ஊர்க்காரர் எழுதித் தருவார் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

நமக்கு முன்னோடிகளே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்தியாவின் ஆரம்பகால அறிவியல் புனைகதைகளில் ஒன்று அச்சேறியது நம் சென்னையில். வங்கத்து ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் மதராஸிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியானது. பெண்கள் ஆளும் நாடு, சூரிய ஒளியில் சமையல், வானில் ஓடும் வண்டி, வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்ட ஆண்கள். பெரியார் 1940-களில் வெளியிட்ட 'இனி வரும் உலகம்' சிறு நூலை இன்றும் இயக்கப் புத்தகக் கடைகளில் வாங்கலாம். சட்டைப்பையில் கம்பியில்லாத் தொடர்புக் கருவி, ஆண்-பெண் சேர்க்கை இல்லாமலே கருத்தரிப்பு என்று அதில் சொல்லியிருக்கிறார். செல்போனை முன்பே சொன்னார் பார்த்தாயா என்று பெருமைப்படுவதோடு நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். உழைப்பு யார் தலையில் விழும், சொத்து யாரிடம் இருக்கும் என்றும் அதே நூலில் அவர் கேட்கிறாரே, அதைத்தான் மேற்கோள் காட்ட ஆளில்லை.

ரோஹித் வெமுலாவைப் பற்றி இங்கே பேசாமல் இருக்க முடியவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச்சென்ற கடிதத்தில், கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்றுதான் எப்போதும் விரும்பியதாக எழுதியிருந்தார். நட்சத்திரங்களைப் பற்றியும் எழுதியிருந்தார். நாம் அவரை ஒரு போராளியாக, நிறுவனப் படுகொலைக்குப் பலியானவராக நினைவில் வைத்திருக்கிறோம். வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சுவரொட்டிகளில் நாம் அச்சிடும் முகத்துக்குப் பின்னால், தனக்குப் பிடித்த எழுத்தாளரைக் கண்டெடுத்து அவரைப் போல ஆக ஆசைப்பட்ட ஒரு வாசகர் இருந்தார். பல்கலைக்கழகம் அவருடைய உதவித்தொகையை நிறுத்தி வைத்தபோது நின்றது காசு மட்டும்தானா? எழுதப்படாமல் போன அந்தப் புத்தகங்களைப் பற்றி எந்த விசாரணை ஆணையமும் கேட்கவில்லை. நாமாவது கேட்கலாம்.

சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அறிவியல் புனைகதை எழுதுபவர். ஒக்டேவியா பட்லரைக் கொண்டாடி அவர் இணையாசிரியராகத் தொகுத்த நூல் 2018-ல் ஹியூகோ விருதின் இறுதிப்பட்டியலுக்குப் போனது. லோகஸ் விருதும் வாங்கியது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2024-ல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளை மட்டுமே கொண்ட ஒரு பெரிய தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. நூலகத்துக்குப் பரிந்துரை எழுதிப் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, இரண்டு பேர் சேர்ந்து வாசியுங்கள். நாங்கள் அத்தியாயம் இல்லாத புத்தகத்தையே வாசித்து ஒப்பேற்றியவர்கள்.

ஆகவே தம்பி, சுஜாதாவை வாசியுங்கள். தமிழில் எந்திரத்தைப் பற்றி வாய் கூசாமல் எழுத முடியும் என்று காட்டியவர் அவர். அந்தத் தொழில்நுட்பத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் நமக்கு வெட்கம் ஒன்றுமில்லை. "நாம உண்டா" என்ற கேள்வியை மட்டும் புத்தகத்தை மூடும்போது அங்கேயே வைத்துவிட்டு வராதீர்கள்.

எங்கள் படிப்பகத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பாட்டி அண்டி ஆபீசில் முப்பது வருடம் தோடு உடைத்தவர். தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை எந்திரம் அவர் விரலை ஏற்பதில்லை. எத்தனை முறை வைத்தாலும் மறுபடி வை என்கிறது. கதை நடப்பது 2090-ல். கதவு, பஸ், ஆஸ்பத்திரி, தண்ணீர்க் குழாய் எல்லாமே கைரேகை வைத்தால்தான் திறக்கும். அண்டி ஆபீசில் வேலை பார்த்த பெண்கள் நூறு பேர். எந்த எந்திரத்தாலும் அவர்களை அடையாளம் காண முடியவில்லை. ஒரு நாள் அதில் ஒருத்தி கண்டுபிடிக்கிறாள், தங்களுக்கு எந்தக் கதவும் திறக்காது என்பது உண்மை, ஆனால் தாங்கள் எங்கே போனாலும் எந்தக் கேமராவும் எந்தக் காவல் எந்திரமும் பதிவு செய்வதில்லை. நூறு பேரும் ஒரு ராத்திரி தலைநகருக்கு நடக்கத் தொடங்குகிறார்கள்.

இவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். அங்கே போய் என்ன செய்வார்கள் என்று கேட்டோம். பாட்டியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.